குன்னத்துகாலில் ஒரு கல்லைத் தூக்கப் போனோம்

நான் வேலை பார்த்த தொல்லியல் துறையில் இப்போது அதிகாரியாக இருக்கிற பெண் ஒருத்தி போன மாதம் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். மாநிலத்தின் வரலாற்றையும் பண்பாட்டையும் பற்றி ஒரு கைப்புத்தகம் போடுகிறார்களாம். குன்னத்துகால் பக்கத்துக் கல்வெட்டு ஒன்றுக்கு அதில் ஒன்றரை வரி ஒதுக்கியிருக்கிறார்களாம். "சார், அது எந்த மொழின்னு மட்டும் ஒரே வார்த்தையில சொல்லிருங்க, போதும்" என்றாள். நான் பேச ஆரம்பித்தேன். நெடுநேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் நீங்க எழுதிக் குடுத்தா நல்லாயிருக்கும் சார்" என்றாள். ஒரு கிழவனின் பேச்சை நிறுத்த இதைவிட மரியாதையான வழி கிடையாது. ஆகவே எழுதுகிறேன்.

என் பெயர் ரசலையன். காஞ்சிரங்குளம் பக்கம், பழைய மிஷன் சபைக் குடும்பம். எங்கள் வீட்டில் ஜெபம் தமிழில் நடக்கும், பள்ளிக்கூடப் பாடம் மலையாளத்தில் நடக்கும், சண்டை எந்த மொழியில் முதலில் வார்த்தை கிடைக்கிறதோ அந்த மொழியில் நடக்கும். இதில் விசேஷம் ஒன்றும் இல்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் பிறந்த எல்லோருடைய வீடும் அப்படித்தான். விசேஷம் என்று எங்களுக்குச் சொன்னவர்கள் வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர்கள்.

துறையில் என் வேலை கல்வெட்டுகளுக்கு மைப்படி எடுப்பது. படிப்பது என் வேலை அல்ல. சேர்ந்த புதிதில் காகிதத்தைக் கிழித்தேன், பிறகு மையைக் கொட்டினேன், பிறகு இரண்டும் செய்யாமல் இருக்கப் பழகினேன். என் பயிற்சிக் காலம் முழுவதும் இவ்வளவுதான். ஆனால் வேலையைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். இப்போது கேமராவால் சொடுக்கிவிட்டுப் போகிறார்கள். அன்றைக்குக் கல்லோடு மல்லுக்கட்ட வேண்டும்.

முதலில் கல்லைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பாசி போக வேண்டும், எழுத்து போகக்கூடாது. பிறகு நனைத்த காகிதத்தைக் கல்லின்மேல் படர விட்டு, கெட்டி மயிர்த் தூரிகையால் அடிக்க வேண்டும். குழந்தையின் முதுகில் தட்டித் தூங்கவைப்பதுபோல ஒரே சீராக அடித்தால் காகிதம் வெட்டு இருக்கிற இடமெல்லாம் உள்ளே இறங்கும். அது பாதி காய்ந்த பதத்தில், துணிப்பந்தில் மையைத் தொட்டு மேலே ஒற்றி எடுக்க வேண்டும். மேடெல்லாம் கறுக்கும். பள்ளத்தில் இறங்கிய எழுத்து வெள்ளையாகவே நிற்கும். கல்லைப் பார்த்தபோது கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி காகிதத்தில் மெல்ல மெல்ல எழுந்து வரும். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்பத் தோன்றாது.

எனக்கு மேலதிகாரி பூதலிங்கம் பிள்ளை சார். நாஞ்சில்நாட்டுக்காரர். ஒடிசலான உடம்பு, முழுக்கைச் சட்டை, எப்போதும் கையில் ஒரு பூதக்கண்ணாடி. அவருக்கு இரண்டு குணங்கள். ஒன்று, எதையும் முழுதாக உறுதி சொல்ல மாட்டார். "தெரிகிற மட்டும்", "படித்த அளவில்" என்று சொல்லாமல் அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வெளியே வராது. அவர் மனைவி சாம்பார் எப்படி என்று கேட்டால்கூட, "ஊற்றிய அளவில் நன்றாக இருக்கிறது" என்பாராம். இரண்டாவது, கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்வார். ஒருமுறை ஆரியங்கோட்டில் வேலை முடிந்து சாலையோரம் நின்றபோது, "சார், இந்த வழியா பஸ் போகுமா?" என்று கேட்டேன். "போகும்" என்றார். வெயிலில் வெகுநேரம் நின்ற பிறகு, "எப்ப சார் போகும்?" என்றேன். "நாளைக்குக் காலையில்" என்றார்.

ஆனால் நல்ல மனிதர். நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே ஒரு கோயிலில் உள்சுவரில் எழுத்து இருந்தது. நான் கிறிஸ்தவன், உள்ளே போக முடியாது. வேறு யாரையாவது அனுப்பச் சொல்லி எழுதியிருக்கலாம். அவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தானே உள்ளே போனார். நான் வாசலுக்கு வெளியே நின்று காகிதத்தையும் மையையும் நீட்டிக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியுமே தவிர ஒற்றத் தெரியாது. வேலையை முடித்து வெளியே வந்தபோது நெற்றி முதல் வயிறு வரை கரி. வாசலில் நின்ற ஒரு பக்தை, மாடன் தம்புரானே நடை திறந்து வெளியே வந்துவிட்டார் என்று காலில் விழுந்துவிட்டாள். சார் பதறாமல், "மாடன் இல்லை அம்மா, துறை" என்றார்.

இனி அந்தக் கல்.

தென் திருவிதாங்கூர்த் தாலுகாக்களை மதராஸ் மாகாணத்தோடு சேர்க்க வேண்டும் என்று தமிழர்கள் போராடிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. எல்லை எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்து மனிதர்கள் செத்தார்கள். அவர்களைப் பற்றி எனக்குச் சிரிப்பு இல்லை. அவர்களில் ஒருவரின் தம்பி என்னோடு படித்தவன். நான் சிரிப்பது, அவர்கள் சிந்திய ரத்தம் காயும் முன் அதில் தங்கள் வேலியை நகர்த்தப் பார்த்த வேறு சிலரைப் பற்றி.

குன்னத்துகால் பக்கத்தில் ஒரு வாய்க்கால் கரையில், ஆள் நெஞ்சுயரத்துக்கு ஒரு கல் நின்றது. அதில் வட்டெழுத்து, ஒருகாலத்தில் இரண்டு மொழிக்கும் பொதுவாக இருந்த பழைய எழுத்து. அதுவரை அந்தக் கல்லை ஊரில் ஆடுகள் மட்டுமே மதித்தன, முதுகு சொறிய. திடீரென்று ஒருநாள் ஊருக்கு வரலாறு வந்துவிட்டது. இந்த மண் தமிழ்மண் என்பதற்கு இந்தக் கல்லே சாட்சி என்று ஒரு கூட்டத்தில் பேசினார் செல்லப்பன். இந்த மண் மலையாள மண் என்பதற்கு அதே கல்தான் சாட்சி என்று அடுத்த கூட்டத்தில் பேசினார் குமாரன். இருவரும் அதைப் படித்ததில்லை. படிக்கத் தெரிந்த யாரையும் கேட்டதும் இல்லை.

இந்தச் செல்லப்பனும் குமாரனும் யார் என்றால், மைத்துனர்கள். செல்லப்பனின் தங்கை லெட்சுமியைத்தான் குமாரன் கட்டியிருந்தார். மேடையில் செந்தமிழ் பொழிகிற செல்லப்பன் வீட்டில் மாட்டை அதட்டுவது மலையாளத்தில். மலையாளமே உயிர் என்கிற குமாரன் கணக்குக் கூட்டுவது தமிழில். கல்லுக்கு மேல்பக்கத்து நிலம் செல்லப்பனுடையது. கீழ்ப்பக்கத்து நிலம் குமாரனுடையது. இரண்டுக்கும் நடுவே, வாய்க்கால் வரை போகிற ஒரு நீளத்துண்டு மட்டும் பொன்னம்மை என்கிற பெண்ணுடையது. அவள் புருஷன் தூரத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போய்விட்டு எப்போதாவதுதான் வருவான். அவள் ஒரு பசுவும், ஓலை முடைகிற வேலையுமாக அந்தத் துண்டில் குடியிருந்தாள். கல் நின்றது அவள் நிலத்தின் மூலையில்.

கல்லைப் படித்து அறிக்கை தரச் சொல்லி எங்களை அனுப்பினார்கள். நாங்கள் போன அன்றைக்கே செல்லப்பன் ஆளோடு இளநீர் அனுப்பினார். வெயில் தாங்காமல் குடித்தோம். மறுநாள் காலையில் பாறசாலைச் சந்தையில், 'அதிகாரி தமிழென்று ஒப்புக்கொண்டார்' என்று பேச்சு. அன்று மத்தியானமே குமாரன் ஒரு குலை பழம் அனுப்பினார். சார் அதைத் தொடவில்லை. மறுநாள் சந்தையில், 'அதிகாரி மலையாளத்தை அவமதித்தார்' என்று பேச்சு. அன்று முதல் சார் வீட்டிலிருந்து ஒரு கூஜாவில் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தார். வேறு எதையும் தொடவில்லை. பொன்னம்மை பலாக்காயை வேகவைத்துச் சக்கைப் புழுக்கு கொண்டு வந்தபோதுகூட, "நீயும் ஒரு கட்சிதான் அம்மா" என்று கும்பிட்டு அனுப்பினார். நான் அவ்வளவு உயர்ந்த பதவியில் இல்லாததால் சாப்பிட்டேன்.

அப்போதுதான் அவள் கேட்டாள்: "சாறே, இந்தக் கல்லுல என்னது எழுதியிருக்குண்ணு எனக்குத் தெரியாது. ஆனா எனக்க ஆதாரப் பத்திரத்துல, எழுத்துக்கல்லு தொட்டு எனக்க பூமிண்ணு எழுதியிருக்கு. அது எனக்கு நல்லாத் தெரியும். இதாக்கும் எனக்க அதிருக்கல்லு. செல்லப்பண்ணன் இதை நாகர்கோவிலுக்குக் கொண்டு போவணும்ணு சொல்லுதாரு. குமாரண்ணன் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போவணும்ணு சொல்லுதாரு. கல்லு நாகர்கோவிலுக்குப் போனா எனக்க அதிரும் நாகர்கோவிலுக்குப் போவுமா?"

கையிலிருந்த சக்கையைக் கீழே வைத்தேன். ஊரெல்லாம் மொழிச்சண்டை என்று நினைத்துக்கொண்டிருந்த விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் ஒரே ஒரு கருத்தில் மட்டும் முழு ஒற்றுமை: கல் அங்கே இருக்கக்கூடாது. கல் போய்விட்டால் பொன்னம்மையின் நிலம் எங்கே முடிகிறது என்று சொல்ல வேறு அடையாளம் கிடையாது. மேலேயிருந்து ஒரு வேலி இறங்கும், கீழேயிருந்து ஒரு வேலி ஏறும். வாய்க்காலுக்குப் போகிற அவள் வழி அடைபட்டுப்போகும்.

சாரிடம் சொன்னேன். "கேட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

மைப்படி எடுத்த நாளில் ஊரே கூடிவிட்டது. செல்லப்பனின் ஆட்கள் ஒரு பக்கம், குமாரனின் ஆட்கள் மறுபக்கம், நடுவே ஒரு ஏட்டு. நான் காகிதத்தை அடிக்க அடிக்க ஒவ்வொரு எழுத்தாக எழுந்தபோது இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். எந்த எழுத்து யாருக்குச் சாதகம் என்று தெரியாததால் எல்லா எழுத்துக்கும் இரு தரப்பும் தட்டினார்கள். படி காய்ந்ததும் சார் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கடைசியில் எழுந்து சொன்னார்: "தெரிகிற மட்டும் படிக்கிறேன். இந்த ஊர்க்காரன் ஒருத்தன், கோயில் விளக்கு எரிக்க நாள்தோறும் ஒரு உழக்கு எண்ணெய் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். கொடுக்கத் தவறினால் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும். மீதி பொரிந்துவிட்டது."

செல்லப்பன் முன்னால் வந்தார். "ராஜா பேரு?"

"இல்லை."

"போரு, படையெடுப்பு, வெற்றி... ஒண்ணும் இல்லியா?"

"எண்ணெய்தான்."

குமாரன் முன்னால் வந்தார். "சாறே, அது போவட்டு. பாஷை ஏது? அதைச் சொல்லுங்க. தமிழா, மலையாளமா?"

சார் காகிதத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். "இதை வெட்டினவனுக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை" என்றார்.

பிறகு நடந்ததை வரலாற்று ஆராய்ச்சி என்றே சொல்ல வேண்டும். விளக்கு தமிழ்ச் சொல் என்றார் செல்லப்பன். எங்கள் வீட்டில் எரிவதும் விளக்குத்தான் என்றார் குமாரன். உழக்கு எங்களுடையது என்றார் ஒருவர். உங்கள் உழக்கில்தான் எப்போதும் அளவு குறையும் என்றார் மற்றவர். எண்ணெயை யார் சரியாக உச்சரிக்கிறார்கள் என்பதில் கைகலப்பு மூளப் பார்த்தது. அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து லெட்சுமியின் குரல் கேட்டது.

"வீட்டுல விளக்குக்கு எண்ண இல்லாம நான் இருட்டுல கெடக்கேன். ஒருத்தன் எனக்க அண்ணன், ஒருத்தன் எனக்க மாப்பிள. ரெண்டும் இஞ்ச நிண்ணு கல்லுக்கு எண்ண தேடுது!"

அது எந்த மொழி என்று யாரும் கேட்கவில்லை. இருவருக்கும் நன்றாகவே புரிந்தது. கூட்டம் கலைந்தது.

ஆனால் விஷயம் கலையவில்லை. இரண்டு தரப்பும் தலைநகரில் முறையிட்டார்கள். எங்களுக்கெல்லாம் மேலே இருந்த ஒரு பெரிய அதிகாரி, யாரையும் பகைத்துக்கொள்ளக்கூடாது என்பதையே கொள்கையாக வைத்திருந்தவர், இரு தரப்பும் மகிழும்படி ஓர் உத்தரவு போட்டார். கல்லைப் பெயர்த்தெடுத்து எங்கள் அலுவலகத்தில் பத்திரமாக வைக்க வேண்டும். எல்லை முடிவான பிறகு எந்த மாநிலத்துக்கு உரியதோ அங்கே அனுப்பப்படும். பொன்னம்மை என்றொருத்தி உலகத்தில் இருப்பது அந்த உத்தரவுக்குத் தெரியாது.

பெயர்த்தெடுக்கும் பொறுப்பு பூதலிங்கம் சாருக்கு. முடியாது என்று எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். "உத்தரவுப்படி" என்று எழுதினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. "சார், அவளுக்க பூமி போயிரும்" என்றேன். "லாரிக்குச் சொல்லிவிட்டாயா?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் அந்த மனிதரை நான் வெறுத்தது அந்த ஒரு வாரம்தான். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட வீட்டில் பேசினேன். என் மனைவி, "வேலைய விட்டா கல்லு நிக்குமா?" என்று கேட்டாள். லாரிக்குச் சொல்லிவிட்டுப் போனேன்.

லாரி வாய்க்கால் கரைக்கு வந்தபோது பொன்னம்மை பசுவைக் கல்லில் கட்டியிருந்தாள். தானும் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏட்டு அதட்டிப் பார்த்தார், அசையவில்லை. செல்லப்பன் வந்தார். "பிள்ளே, எழும்பு. இது தமிழினத்துக்க சொத்தாக்கும்" என்றார்.

"அண்ணே, தமிழினத்துக்கு எத்தன செண்டு பூமி உண்டு? எனக்கு இது மட்டுந்தான் உண்டு" என்றாள்.

கடைசியில் பூதலிங்கம் சார் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தார். "எழுந்திரு அம்மா. பசுவை அந்தப் பிலா மரத்தில் கட்டு. இவர்கள் தோண்டட்டும்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சாறும் இவங்களுக்க ஆளுதானா? கைநனைக்க மாட்டேன்னு சொன்னப்ப நீதிமான்னு நெனச்சேன்" என்றாள். அழுதுகொண்டே பசுவை அவிழ்த்தாள். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

துறையின் கூலியாட்கள் தோண்டுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் எதிர்க்கட்சி கல்லைச் சேதப்படுத்திவிடும் என்று இரு தரப்புக்கும் சந்தேகம். எனவே மேல்பக்கத்தைத் தமிழ் ஆர்வலர்களும் கீழ்ப்பக்கத்தை மலையாள ஆர்வலர்களும் தாங்களே தோண்டுவது என்று முடிவாயிற்று. நம்முடெ கல்லாணு என்று ஒரு பக்கம் கோஷம். எங்கள் கல், எங்கள் மண் என்று மறுபக்கம் கோஷம். மண்வெட்டிகள் போட்டி போட்டன. ஒரு தரப்பு முழங்கால் ஆழம் போனால் மறுதரப்பு தொடை ஆழம் போயிற்று. தன் நிலத்தில் ஒரு வாழைக்குழி வெட்டக்கூட ஆள் வைக்கிற குமாரன் மேல்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அதைப் பார்த்துச் செல்லப்பனும் இறங்கினார். சார் பிலா நிழலில் குடை விரித்து உட்கார்ந்து, கூஜாவிலிருந்து ஒரு மிடறு குடித்தார்.

உச்சி வெயிலில் முதல் சந்தேகம் எழுந்தது. கீழே போகப் போகக் கல் முடியவில்லை. முடியாதது மட்டுமல்ல, அகன்றுகொண்டே போயிற்று. மேலே முழ அகலம் இருந்தது இடுப்பளவு ஆழத்தில் கட்டில் அகலம் ஆயிற்று. கல்லின் அடி அந்தத் தரப்பில்தான் சிக்கியிருக்கிறது என்று ஒவ்வொரு தரப்பும் மற்றதைக் குற்றம் சொல்லிக்கொண்டு இன்னும் ஆழமாகத் தோண்டியது. கோஷம் நின்றது. பிறகு பேச்சும் நின்றது. மண்ணும் மூச்சும் மட்டும் கேட்டன. பொழுது சாய்கிற நேரத்தில் இரு குழிகளும் ஒன்றாகி, ஆள் ஆழம் தாண்டி, அடியில் யானை முதுகு மாதிரி ஒரே பாறை. நாங்கள் கல் என்று நினைத்தது, பூமிக்கு அடியில் படுத்திருந்த அந்தப் பாறையின் ஒரு மூக்கு.

பாறையின் ஓர் இடுக்கிலிருந்து சளசளவென்று ஊற்று கிளம்பியது. செல்லப்பன் தண்ணீரைத் தண்ணீர் என்றுதான் சொல்ல வேண்டும், மலையாளத்தைப்போல வெள்ளம் என்று சொன்னால் தமிழ் கெட்டுவிடும் என்று கூட்டந்தோறும் பேசுகிறவர். அவர் கால்தான் முதலில் நனைந்தது. "எலே, வெள்ளம்! வெள்ளம் வருது! கைய தா!" என்று கத்தினார். கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டவர் குமாரன்.

கரையேறிய பிறகு செல்லப்பனுக்கு வீரம் திரும்பியது. "வெடி வச்சு எடுப்போம்" என்றார்.

"வெடி வச்சா எழுத்து போவும். பின்ன எதை வச்சுப் பேசுவிய?" என்றார் குமாரன். பேச ஒன்றும் இல்லாமல் போவது இருவருக்குமே சம்மதமில்லை.

சார் எழுந்து குடையை மடக்கினார். எல்லோரும் கேட்கும்படி அறிக்கையை எனக்குச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: எழுத்துப்பாறை, இயற்கையாக நிலத்தோடு ஒட்டியது, பெயர்க்க இயலாதது, பொன்னம்மையின் நிலத்தின் எல்லையில் இருக்கிறது, இருந்த இடத்திலேயே பாதுகாக்க வேண்டும். இரு தரப்பும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்கு மண்வெட்டி பிடித்த கை நடுங்கிக்கொண்டிருந்ததால் செல்லப்பன் போட்டது தமிழா குமாரன் போட்டது மலையாளமா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. அத்தனை வருஷ வேலையில் ஒரு கல்வெட்டு அறிக்கையில் சார் "தெரிகிற மட்டும்" என்று சேர்க்காமல் சொன்ன ஒரே வாக்கியம் அந்த 'பெயர்க்க இயலாதது'.

லாரி காலியாகத் திரும்பியது. ஓட்டுநர் பக்கத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். பாறசாலை தாண்டும்வரை பொறுத்தேன். பிறகு கேட்டேன். "சார், உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"முதல் நாளே தட்டிப் பார்த்தேன். நட்ட கல் ஒரு மாதிரி ஒலிக்கும். ஒட்டிய பாறை வேறு மாதிரி."

"அப்ப ஏன் சார் சொல்லல்ல? அந்தப் பொம்பள எவ்வளவு அழுதா! நானும்..."

"கல் எந்த மொழி என்று எல்லோரும் கேட்டார்கள். எவ்வளவு ஆழம் என்று யாரும் கேட்கவில்லை." வழக்கமில்லாத வழக்கமாக, கேட்காமலே மேலும் சொன்னார். "பாறை என்று நான் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் நான் எதிர்க்கட்சி என்று சொல்லி, அன்றைக்கே வெடி வைத்திருப்பார்கள். அவர்கள் கையாலேயே தோண்டினால்தான் நம்புவார்கள். அந்த அம்மாளிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அழுகை நின்றிருந்தால் அவர்கள் மண்வெட்டியும் நின்றிருக்கும், ரசலையா." அதைச் சொன்னபோது அவர் முகம் சந்தோஷமாக இல்லை.

பிறகு எல்லை விழுந்தது. விளவங்கோடு மதராஸுக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. குன்னத்துகாலும் அதோடு நின்றது. குமாரன் கொடியேற்றிப் பாயசம் வைத்தார். செல்லப்பன் சில நாள் வீட்டை விட்டே வெளியே வரவில்லை. அவரை நான் போய்ப் பார்த்தேன். வேலி விஷயத்தில் எப்படியிருந்தாலும் அந்த ஆசை மட்டும் அவருக்குப் பொய்யில்லை. "நம்ம ஆளுவ அங்ஙன, நாம இங்ஙன ஆயிட்டோம் மக்கா" என்றார். அதில் ஒரு வார்த்தையும் மேடைக்குரியதல்ல. பிறகு குமாரன் அனுப்பிய பாயசத்தில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

அடுத்த கோடையில் பூதலிங்கம் சாரும் நானும் மறுபடி அங்கே போக வேண்டியிருந்தது. முதலில் எடுத்த மைப்படியில் ஓர் ஓரம் கூட்டத்தின் தள்ளுமுள்ளில் கிழிந்திருந்தது. அந்த வருஷம் கடும் வறட்சி, வாய்க்கால் பொடி மண். செல்லப்பன் வீட்டுக் கிணறும் வற்றியிருந்தது, குமாரன் வீட்டுக் கிணறும் வற்றியிருந்தது. பாறையடியில் இரு கட்சிகளும் வெட்டிய குழியைப் பொன்னம்மை மூடவில்லை. கரையைச் சுற்றிக் கல்லடுக்கிப் படி வைத்திருந்தாள். உள்ளே கண்ணாடி மாதிரி ஊற்றுநீர். அவள் புருஷனும் ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து, ஓரத்தில் கீரைப்பாத்தி கட்டியிருந்தான்.

செல்லப்பன் குடத்தோடு நின்றார். அவருக்குப் பின்னால் குமாரன் குடத்தோடு நின்றார். லெட்சுமி இருவருக்கும் முன்னால் நின்றாள். எங்களைக் கண்டதும் ஆண்கள் இருவரும் அவசரமாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

பொன்னம்மை சாரைப் பார்த்ததும் ஓடி வந்தாள். அன்று திட்டியதற்கு ஏதோ சொல்ல வாயெடுத்தவள், ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். இப்போது அவள் எந்த வழக்கிலும் கட்சி இல்லை. சார் கூஜாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கி, ஒரே மூச்சில் குடித்தார்.

"எப்படி சாறே இருக்கு?" என்றாள்.

"நன்றாக இருக்கிறது" என்றார்.

அவள் அவர் பக்கத்தில் நெருங்கி, மற்ற இருவர் காதிலும் விழாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"சாறே, எனக்க பூமியில மேல்பக்கத்துல இன்னும் ஒரு கல்லு நிக்குது. அதுலயும் என்னமோ எழுத்துமாதிரித் தெரியுது. ஒண்ணு வந்து பாருங்க. எனக்குத் தெங்கம்பிள்ளை வைக்க நாலு குழி வெட்டணும்."